பாதி ஜெபத்தில் எடுத்த வண்டி

எங்கள் வண்டிக்குப் போன மழைக்காலத்தில் ஒரு சுபாவம் வந்தது. தோன்றினால் ஸ்டார்ட் எடுக்கும், தோன்றாவிட்டால் எடுக்காது. எடுக்காத நாளில் சத்தம் இல்லாமல் கிடந்தாலாவது பேட்டரி என்று முடிவு கட்டலாம். இது அப்படியில்லை. செல்ஃப் அடித்தால் கறங்கும். எங்கள் பக்கத்தில் சுற்றுவதைக் கறங்குவது என்றுதான் சொல்வோம். கறங்கும், கறங்கும், மூச்சு முட்டுமளவுக்குக் கறங்கும், ஆனால் பிடிக்காது. அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும். எனக்கு வருகிற ஆத்திரத்தில் இறங்கி அதை ஒரு மிதி மிதிக்கத் தோன்றும்.

வண்டி எடுக்காவிட்டால் நாகர்கோவிலுக்குப் போக வழியில்லை. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்திருந்தன. பேச்சும் போயிருந்தது. கோட்டாற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெண் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள் என்று மருத்துவர் அனுப்பியிருந்தார். குழித்துறையிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, அந்தப் படியில் அவரை ஏற்ற நாலு பேர் வேண்டும். ஆட்டோவில் அவ்வளவு தூரம் குலுங்கினால் மறுநாள் எழுந்திருக்க மாட்டார். அதனால் அவர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய பெட்ரோல் காரை நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பது பெரிய சொல். சாவியைப் போட்டுத் திருப்பினால் எடுக்க வேண்டும், மிதித்தால் போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கும் அந்த வண்டிக்கும் உள்ள உடன்பாடு. அதைத்தான் அது மீறியது.

பேச்சு போயிற்று என்று சொன்னேன், ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. ‘அது.’ தண்ணீர் வேண்டுமென்றாலும் அது, கால் வலித்தாலும் அது, மழை வந்தாலும் அது. வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டி, ஊருக்கு வந்தால் தெருவே கூடி நின்று கேட்கும்படி கதை சொன்ன மனுஷன். இப்போது ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடினார். கொஞ்ச நாளில் அவரும் சொல்ல முயல்வதைக் குறைத்துக்கொண்டார். வருகிறவர்களும் அவரை விட்டுவிட்டு என்னிடமே பேசினார்கள்.

ஒருநாள் எங்கள் சபைப் போதகர் வீட்டுக்கு வந்தார். முடிவில் வழக்கம்போல எல்லோருமாக, ‘பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்கும் பரமண்டல ஜெபம் சொன்னோம். முதல் வரியிலேயே இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். இவர்தான். ஒரு சொல் தப்பாமல், ஒரு எழுத்து குழறாமல், ஆமென் வரைக்கும் சொன்னார். அதற்கு முன்னால் அவர் ஜெபத்துக்கு முந்துகிற ஆளே இல்லை. கோயிலுக்குப் போனால் வெளியே வேப்பமரத்தடியில் நின்று வண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்.

அடுத்த முறை போனபோது இதைப் பயிற்சிக்காரப் பெண்ணிடம் ஓடோடிச் சொன்னேன். அவள் கோட்டாற்றுக்காரி, தலையில் துணி போட்டு, எப்போதும் சிரித்த முகமாக இருப்பாள். அன்று சிரிக்கவில்லை.

“ஆன்ட்டி, சந்தோஷந்தான். ஆனா ரொம்ப நம்பிரக் கூடாது. சின்ன வயசுலேருந்து சொல்லிச் சொல்லிப் பதிஞ்சது எல்லாம் தனியா ஒரு எடத்துல கெடக்கும். ஜெபம், பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்ணுறது. தொடங்கி விட்டா அதுபாட்டுக்கு ஓடும். அதுக்கு அர்த்தம் வெளங்கணும்னு இல்ல.”

“அதெப்படி மக்கா? அவ்வளவு தெளிவாச் சொன்னாரே.”

“பாருங்க,” என்று அவரிடம் திரும்பினாள். “அங்கிள், எங்கூட எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு...”

அவர் பிடித்துக்கொண்டார். மூன்று, நான்கு என்று குரல் ஏறியது. ஐந்து வந்ததும் அவள் கையைக் காட்டி, “போதும் அங்கிள், நிறுத்துங்க” என்றாள். அவர் நிறுத்தவில்லை. பத்து வரைக்கும் போய்த்தான் நின்றார்.

“தொடங்கத் தெரியும், நடுவுல நிறுத்த முடியாது,” என்றாள். “அவங்க ஓட்டலை ஆன்ட்டி, அது ஓடுது.”

பிறகு தன் வழக்கமான சோதனையைச் செய்தாள். மேசையில் பேனா, சீப்பு, கரண்டி. பேனாவைத் தொடச் சொன்னாள். அவர் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை கேட்டதும் சீப்பைத் தொட்டார். அவள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“இந்த மாசக் கடைசியில ஒரு முடிவு எடுக்கணும் ஆன்ட்டி. உள்ள வெளங்குது, வாயில வரலன்னா அதுக்கு நெறைய வழி இருக்கு, நான் விடவே மாட்டேன். வெளங்கவே இல்லன்னா இவ்வளவு தூரம் கொண்டு வந்து அவங்களயும் கஷ்டப்படுத்தி, நீங்களும் கஷ்டப்பட்டு... சொல்லுறதுக்கே கஷ்டமா இருக்கு.”

திரும்பி வரும் வழியெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என் மனுஷனா, அவருடைய உருவம் மட்டுமா? அந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு பொங்குவது, எப்படி அவருக்கு ஊட்டுவது?

இந்த நேரத்தில்தான் வண்டியும் தன் ஆட்டத்தைத் தொடங்கியது.

முதலில் மழையைக் குற்றம் சொன்னேன். மழையில்லாத நாளிலும் எடுக்கவில்லை. சரிவில் நிறுத்துவதால் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சமதளத்தில் நிறுத்தினேன், அங்கேயும் அதே கதை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார்கள், எலி வயரைக் கடித்திருக்கும் என்றார்கள். குழித்துறைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் நல்ல பிள்ளை போல முதல் அடியிலேயே பிடிக்கும்.

“வண்டிக்குக் குழப்பம் ஒண்ணும் இல்லக்கா.”

“குழப்பம் இல்லேன்னா விடியக் காலத்த என்னத்துக்குக் கறங்கிக் கறங்கி நின்னுது?”

“எனக்கு முன்னால ஒரு தடவ மக்கர் பண்ணட்டு, கண்டுபிடிச்சுத் தாறேன். நல்லா ஓடுற வண்டியில எதைக் கழத்துவேன்?”

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் மனசு கேட்காமல் பிளக்கை மாற்றினார், பேட்டரி முனையைச் சுரண்டித் துடைத்தார். இரண்டு நாள் ஒழுங்காக எடுத்தது. மூன்றாம் நாள் மறுபடியும் கறங்கல்.

அப்படி எடுக்காத ஒரு காலையில் இவர் நல்ல கையை நீட்டி என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். “அது, அது” என்றார். “கைய விடுங்க, இருக்கிற எரிச்சல்ல” என்று உதறிவிட்டு மறுபடி அடித்தேன். அடுத்த முறையும் பிடித்தார், உதறினேன். அதற்கடுத்த முறை, சாவியைத் திருப்பி எதிரே சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் எரிந்ததுதான் தாமதம், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

ஜெபம் நடக்கும்போது கையை அசைக்கக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் நடை பழகும் முன்பே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அடுப்பில் பால் பொங்கினாலும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்போம். நான் சாவியில் கையை வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டேன். முழு ஜெபமும் முடிந்தது. செல்ஃபை அடித்தேன். வண்டி கறங்கக்கூட நேரம் எடுக்காமல் பிடித்தது.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடுத்த பயிற்சி நாளிலும் அப்படியே. அதற்கடுத்த நாளிலும். அவர் பிடித்துக்கொண்டு ஜெபித்தால் வண்டி எடுக்கிறது. சபையில் பெண்கள் கூட்டத்தில், கர்த்தர் செய்த அற்புதம் என்று இதைச் சாட்சியாகவே சொன்னேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நடுவில் ஒருநாள் அவர் இல்லாமல் மருந்துக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. நானும் அப்படிச் செய்து பார்ப்போம் என்று வண்டியில் உட்கார்ந்து, சாவியைத் தொடும் முன் மனமுருக ஜெபித்துவிட்டு அடித்தேன். கறங்கியது, பிடிக்கவில்லை. இரண்டாம் முறையும் ஜெபித்தேன், இல்லை. வருஷக்கணக்காக ஞாயிறு தவறாமல் போகிறவள் கேட்டால் கிடையாது, வேப்பமரத்தடியில் நின்றவர் கேட்டால் உண்டா என்று கர்த்தரிடமே சண்டைக்குப் போய்விட்டேன்.

ஆனால் அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. கொஞ்ச நாளில் அவர் ஜெபத்தைப் பாதியில் விடத் தொடங்கினார். என் மணிக்கட்டைப் பிடிப்பார், ஒரு வரி சொல்வார், நின்றுவிடுவார். கையையும் எடுத்துவிடுவார். “முழுசாச் சொல்லுங்க” என்பேன். என்னைப் பார்த்து ‘ச்’ என்று நாக்கைத் தட்டுவார். ஆமென் இல்லாமல் எப்படி விடுவது? மீதியை நானே சொல்லி முடிப்பேன். அதற்குள் அவர் பொறுமையிழந்து முழங்காலில் தாளம் போடுவார்.

எனக்குள் பயம் புகுந்தது. இருந்த ஒரே சொத்து அந்த ஜெபம். அதுவும் வரி வரியாகக் கழன்று போகிறது என்றுதான் எண்ணினேன். ராத்திரி வீட்டில் ஜெபிக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். அங்கே முழுசாகச் சொல்வார். காலையில் வண்டியில் ஒரு வரியோடு நின்றுவிடுவார். இன்றைக்கு வண்டியில் போனது நாளைக்கு வீட்டிலும் போகும் என்று நினைத்து அழுதிருக்கிறேன். பயிற்சிக்காரப் பெண்ணிடம் சொல்லவில்லை. சொன்னால் மாசக் கடைசி வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டாளோ என்று பயம்.

அந்த மாசத்தின் கடைசிப் பயிற்சிக்கு முந்தின நாள் மத்தியானம், மெக்கானிக் வேறு வேலையாக எங்கள் தெருவுக்கு வந்தவர் எட்டிப் பார்த்தார்.

“வண்டி எப்பிடி இருக்குக்கா?”

“அவரு ஜெபிச்சா எடுக்குது, நான் ஜெபிச்சா எடுக்க மாட்டேங்குது.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அவரையும் உக்கார வச்சு, நீங்க தெனம் காலத்த செய்யுற மாதிரி அப்பிடியே செய்யுங்க. நான் பின்னால இருக்கேன்” என்றார்.

வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். சாவியைத் திருப்பினேன். மணிக்கட்டைப் பிடித்தார், ஒரு வரி, விட்டார். அடித்தேன், பிடித்தது.

“செரி, அணைங்க. நீங்க தனியாப் போனப்பம் எப்பிடிச் செஞ்சீங்க?”

“ஜெபிச்சுட்டு, சாவியப் போட்டு ஒரே திருப்பு.”

“நடுவுல நிக்காமலா?”

“நடுவுல என்னத்துக்கு நிக்கணும்?”

மெக்கானிக் பின் சீட்டில் குனிந்து, சீட்டின் மேல் காதை வைத்தார். “எஞ்சினை எடுக்க வேண்டாம். வெளக்கு எரியுற வரைக்கும் மட்டும் திருப்புங்க. பேசாம இருங்க. கேளுங்க.”

நான் பேசாமல் இருந்தேன். வண்டிக்குள் உட்கார்ந்தால் சீட் பெல்ட், பை, மாத்திரை, குடை என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சாவியைத் திருப்புகிறவள். அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். பின்னால் எங்கோ அடியில், ஒரு தேனீ டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டது போல மெல்லிய ரீங்காரம், எங்கள் பேச்சில் மூளல். கொஞ்சம் மூளி, நின்றது.

“அது டேங்குக்குள்ள இருக்க பம்புக்கா. சாவி திருப்புனதும் பெட்ரோலைக் கொண்டு குழாயில நெறச்சு வைக்கும். பம்பு பழசாயிட்டு, நெறச்சது நிக்காம டேங்குக்கே வடிஞ்சு போவுது. அது மூளி முடியும் முன்ன அடிச்சா கறங்கும், பிடிக்காது. நான் எப்பமும் வெளக்கப் பாத்துட்டுத்தான் அடிப்பேன், அதான் எனக்கு மக்கர் பண்ணல. நீங்க என்னைக்காவது சாவியத் திருப்பிட்டு சேலையச் சரி பண்ணியிருப்பீங்க, அன்னைக்கு எடுத்திருக்கும்.”

எனக்கு அவர் சொன்னதில் பாதிதான் காதில் ஏறியது. என் பார்வை இவர் மேல் போயிருந்தது. இவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, காதை அந்தப் பக்கம் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

சாவியை அணைத்தேன். இடது கையை அவர் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டு மறுபடி திருப்பினேன். மூளல் தொடங்கியது. அவர் விரல்கள் மணிக்கட்டை வளைத்தன, ஜெபம் தொடங்கியது. மூளல் நின்றது. ஜெபம் நின்றது. விரல்கள் விட்டன.

அணைத்தேன். திருப்பினேன். மூளல், ஜெபம். மூளல் நின்றது, ஜெபம் நின்றது.

மூன்றாம் தடவை, மூளல் தொடங்கிய உடனேயே சாவியை வெடுக்கென்று அணைத்தேன். அவர் ஒரு சொல்லின் நடுவில் இருந்தார். அந்தச் சொல்லின் நடுவிலேயே நிறுத்தினார். திரும்பி என்னை முறைத்தார். நான் கியரை மாற்றத் தெரியாமல் நறநறக்க வைத்தபோதெல்லாம் முன்பு பார்ப்பாரே, அதே முறைப்பு.

ஓடத் தொடங்கினால் நடுவில் நிற்காது என்றாளே அந்தப் பெண். இங்கே நிற்கிறது. ஒரு சொல்லின் பாதியில் நிற்கிறது. ஓட்டுகிற ஆள் உள்ளே இருந்தால் அல்லவா பிரேக் போட முடியும்?

அவருக்குச் சொல்ல வேண்டியது தெரிந்திருக்கிறது. ‘பொறு, பம்பு மூளி முடியட்டும்.’ அதைச் சொல்ல அவரிடம் சொல் இல்லை. ‘அது’ என்று சொல்லிப் பார்த்தார், நான் உதறிவிட்டேன். எந்தச் சொல்லைக் கேட்டால் இவள் கையை அசைக்காமல் நிற்பாள் என்று யோசித்திருக்கிறார். மிச்சமிருந்ததையெல்லாம் துழாவி, என்னைத் தெரிந்த ஒருவரால் மட்டுமே எடுக்கக்கூடிய ஒன்றை எடுத்திருக்கிறார். முதலில் பழக்கத்தில் முழுசாக ஓடியதை, நாளுக்கு நாள் பயிற்சி செய்து, தேவையான இடத்தில் நிறுத்தவும் கற்றிருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே. அது தேய்கிறது என்று நான் அழுதுகொண்டிருந்தேன்.

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், கடலில் பெரிய அலை பார்த்திருக்கிறேன், திற்பரப்பில் அருவிக்குக் கீழே நின்றிருக்கிறேன். அந்தப் பழைய வண்டிக்குள், நடு மத்தியானத்தில், என் வீட்டுக்காரர் ஒரு சொல்லைப் பாதியில் நிறுத்தியபோது எனக்கு வந்த பிரமிப்பு அங்கெல்லாம் வந்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன். இருக்கிறார். இத்தனை மாதமும் இங்கேயேதான் இருந்திருக்கிறார்.

மெக்கானிக்குக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவர் பின் கதவைத் திறந்து இறங்கி, என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து நின்றார்.

“அக்கா, பம்ப மாத்திரலாமா? இல்ல, இப்பம் சொன்ன மாதிரி பொறுத்துப் பொறுத்து அடிச்சு ஓட்டுதீங்களா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மாசக்கணக்கில் அப்படித்தான், எல்லாக் கேள்விக்கும் நானே பதில். அதை மூடிக்கொண்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

“இஞ்ச பாருங்க. பம்பு மாத்தவா, வேண்டாமா?”

அவர் முகம் இறுகியது. உதடு ஒரு பக்கமாக இழுத்தது. “அது” என்றார். உடனே தலையை ஆட்டி, அந்தச் சொல் இல்லை என்று அவரே தள்ளினார். மறுபடி முயன்றார். நெற்றியில் வேர்த்தது. மெக்கானிக் சங்கடப்பட்டு, “செரிக்கா, நீங்களே ஒண்ணு...” என்று தொடங்கினார். கையைக் காட்டி அவரை அடக்கினேன். நான் எதற்கும் காத்திருக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று இருந்தேன்.

“மா...” என்றார். நின்றது. கண்ணை மூடித் திறந்தார். “மாத்து.”

எந்த ஜெபத்திலும் இல்லாத சொல். எனக்குக் கண் மறைத்துவிட்டது.

மெக்கானிக் கைத்துணியால் விரலைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அப்பம் நாளக் கழிச்சு வண்டியக் கொண்டு போட்டா போதுமாக்கா?”

“என்ட்ட என்னத்துக்குக் கேக்குதீங்க?” என்றேன். “அவர்ட்ட கேளுங்க.”